அப்பா ஏன் என் வீட்டுக்கு வரவில்லை

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மகன் என்பதால் கட்டுரையை என்னிடம் விட்டுவிட்டார்கள். அப்பாவின் பெருமையை எழுதத்தான் உட்கார்ந்தேன். என் சிறுமையை எழுதாமல் அது முடியாது என்று தெரிந்துவிட்டது.

அப்பா பிறந்தது அஞ்செட்டிப் பக்கம் நாட்றாம்பாளையத்தில். கேழ்வரகும் அவரையும் விளையும் மானாவாரி நிலம். யானை தின்றது போக மிச்சம்தான் வீட்டுக்கு. இளம் வயதிலேயே மத்திகிரிக்கு வந்து கால்நடைப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை மாடுகளோடுதான் வாழ்க்கை. குடியிருந்தது கடைசிவரை வாடகை வீட்டில். ஒரு ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். அதற்காக அவர் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.

சுற்றுவட்டாரத்தில் யார் புது வீடு கட்டினாலும் கிரகப்பிரவேசத்துக்கு அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். மாடு கிடைப்பது பெரிதில்லை. வழவழப்பான டைல்ஸ் தரையில் அது கால் வைக்காது. அப்பா ஈரக் கோணியை விரித்து, கன்றை முன்னே விட்டு, கன்னடமும் தெலுங்குமாக ஏதோ கொஞ்சிப் பேசி மாட்டை உள்ளே நடத்திவிடுவார். இதைப் படிக்கும் உங்களில் பலர் வீட்டுக்குள் மாடு நுழைந்தது அவர் பிடித்த கயிற்றில்தான்.

என்னைக் கம்பெனி பிரான்சுக்கு அனுப்பியது. சில வருடங்கள் கழித்து, அங்கே தெற்கில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு கிராமத்தில், பழைய கல் வீடு ஒன்றை வாங்கினேன். எங்கள் குடும்பத்தின் முதல் சொந்த வீடு. பத்திரம் எழுதும் அதிகாரி அதை முழுவதும் உரக்கப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போட்டேன். அன்றே வீடியோ காலில் அப்பாவுக்குச் சாவியைக் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அங்க பக்கத்துல கறவ மாடு வெச்சிருக்கறவங்க இருக்காங்களாப்பா? கன்னுக்குட்டியோட கேட்டு வையி. நான் வந்து உள்ள ஓட்டிடறேன். கல்லுத் தரைன்னு சொல்ற, கோணி நானே எடுத்தாந்துடறேன்."

எனக்குப் பகீரென்றது. அந்த ஊர்க்காரர்கள் ஒயின் தயாரிப்பவர்கள். என்னை அப்போதுதான் தங்களில் ஒருவனாகச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் பார்க்க அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் வாசலுக்குள் மாட்டை ஓட்டி, அது நடுவீட்டில் சாணி போட்டால்? வெட்கமாக இருந்தது. பெற்ற அப்பாவை நினைத்து வெட்கப்பட்டேன்.

"வீட்டுல மராமத்து நடக்குதுப்பா, முடியட்டும்" என்றேன். மராமத்து எதுவும் நடக்கவில்லை. அந்த வாரமே அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, ஒயின் பாட்டிலைத் திறந்து குடிபுகுந்தேன். அப்பாவோ பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொண்டு மூன்று வருடம் காத்திருந்தார். கேட்ட சொந்தக்காரர்களிடம், "அப்பாதான் வரமாட்டேங்கறாரு, குளிர் ஆகாதாம்" என்று சொல்லி வைத்தேன்.

குருபரப்பள்ளியில் ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பா பிடித்துக்கொண்டார். "ஏண்ணா, புள்ள அவ்ளோ ஆசையா கூப்பிடறான், போயிட்டு வந்தா என்ன? குளிரு ஆகாதுன்னியாமே, அப்படி என்னா பிடிவாதம் உனக்கு?"

லீவில் ஊருக்கு வந்திருந்த நான் அடுத்த இலையில் இருந்தேன். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார்.

"குளிரு எனக்கு ஒத்துக்காதுப்பா" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, ரசம் கேட்டு வாங்கினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு வீட்டைப் பற்றி அப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

கடைசி மாதங்களில் அவரைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்டவள் என் தங்கை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் சலிக்காமல் ஆட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், நான் வந்து சேரும்வரை கூடவே இருந்த பண்ணைத் தோழர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். நான் செய்ய வேண்டியதை எல்லாம் நீங்கள் செய்தீர்கள்.

காரியத்தன்று பலர் என்னிடம், "பிடிவாதக்கார மனுஷன், புள்ள வீட்டப் பாக்காமலே போயிட்டாரு" என்று வருத்தப்பட்டார்கள். அன்றும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அப்பா வரமாட்டேன் என்று சொன்னதே இல்லை. நான்தான் கூப்பிடவில்லை.

இதைப் படித்துப் பார்த்த தங்கை, "அச்சுல போட்டா சொந்தக்காரங்க மத்தியில உன் மானம் போயிடும்ணா" என்றாள்.

போகட்டும். அப்பாவின் பேரைக் கெடுத்துக் காப்பாற்றிய மானம்தானே அது.