எம்.எல்.ஏ.ங்க வர்றாங்க, பாத்துக்குங்கம்மா

வருவாய்த் துறையில மத்த எல்லா வேலையும் நிலத்தைப் பத்தினது, புரோட்டோகால் டூட்டி மட்டும் வயித்தைப் பத்தினது: வர்றவங்க வயிறு நிறையணும், நம்ம வயிறு கலங்கணும்.

நான் ஒரு ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர். வூடு விருத்தாசலத்துல. இப்ப ஆபீஸ் எதுன்னு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். ஏன்னு போகப் போக உங்களுக்கே புரியும். சட்டமன்றக் குழுன்னு எம்.எல்.ஏ.ங்க சேர்ந்து ஊர் ஊரா ஆய்வுக்கு வருவாங்க இல்ல, அவங்களுக்கு ரூம், சாப்பாடு, காரு எல்லாம் ஏற்பாடு பண்றது தான் புரோட்டோகால். அவங்களுக்குப் பயணப்படி, தங்குறதுக்குப் படி எல்லாத்தையும் அரசாங்கமே குடுத்துடுது. ஆனா இங்க வந்து தின்னுறதும் குடிக்கிறதும் யாரு செலவுன்னு எந்த உத்தரவுலயும் இருக்காது. தாசில்தார் ஒரே ஒரு வார்த்தை சொல்லுவாரு: "பாத்துக்குங்கம்மா." அதுக்கு அர்த்தம், உங்க பர்ஸைத் திறங்கன்னு. அந்த வார்த்தையைக் கேட்டு அடிவயிறு ஜில்லுனு ஆகாத ஆர்.ஐ.யோ வி.ஏ.ஓ.வோ நம்ம மாவட்டத்துல உண்டா? இருந்தா கையைத் தூக்குங்க.

செலவு கூடப் பரவாயில்ல. நகையை வெச்சாவது சமாளிச்சுடலாம். என் பயம் வேற. எங்க வூட்டுக்காரரு செராமிக் கம்பெனியில சூளையில வேலை பாத்தவரு. ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. விருத்தாசலம் ஆஸ்பத்திரியில தான் டயாலிசிஸ். சூளை அனலைப் பாத்துப் பயப்படாத மனுஷன், அந்த மொத்தமான ஊசியைப் பாத்தா சின்னப் புள்ள மாதிரி ஆயிடுவாரு. ஊசி குத்துற வரைக்கும் நான் பக்கத்துல நின்னு கையைப் புடிச்சுக்கணும். குத்தி முடிச்ச பிறகு, "சரி, நீ ஆபீஸுக்குப் போ"ன்னு அவரே வெரட்டுவாரு. எந்த எம்.எல்.ஏ.வாவது மூஞ்சியைச் சுளிச்சா, எனக்கு டிரான்ஸ்ஃபர். எனக்கு டிரான்ஸ்ஃபர்னா அந்தக் கையை யாரு புடிக்கிறது? இது தான் ராத்திரியும் பகலும் என் பயம்.

சக்கரை

ஒரு தடவ வந்த குழுவுல ஒருத்தருக்குச் சக்கரை வியாதி, பக்கத்துல உக்காந்தவருக்குக் காபியில ரெண்டு ஸ்பூன் தூக்கலா இருக்கணும். எல்லாம் விசாரிச்சு வெச்சிருந்தேன். ஆனா உள்ளூர்ப் பெருமையைக் காட்டணும்னு செராமிக் எஸ்டேட்டுல புதுசா கப்பு வாங்கிட்டு வந்தேன் பாருங்க, அங்க தான் சனி புடிச்சுது. அத்தனையும் ஒரே வெள்ளை, ஒரே பூ. தட்டுல வெச்சு எடுத்துட்டுப் போற வழியில எந்தக் கப்பு யாருக்குன்னு எனக்கே தெரியல. குத்துமதிப்பா நீட்டிட்டேன்.

சக்கரை வேணும்னவரு ஒரு வாய் குடிச்சாரு. என்னை ஒரு பார்வை பாத்தாரு. கப்பை அப்படியே கீழ வெச்சுட்டாரு. பக்கத்துல சக்கரை வியாதிக்காரரு கண்ணை மூடி ரசிச்சுக் குடிச்சுக்கிட்டு இருக்காரு. புடுங்கவா முடியும்? வெளியில வந்து, கப்பைக் கீழ வெச்சவரோட வந்த போலீஸ்கார அண்ணன்கிட்ட, "ஐயா கோவமா இருக்காருங்களாண்ணே?"ன்னு கேட்டேன். அவரு மீசையைத் தடவிக்கிட்டே நிதானமா சொன்னாரு: "ஐயா கோவம் வந்தா கத்த மாட்டாரும்மா. 'இந்தம்மாவுக்கு எந்த ஊரு'ன்னு மட்டும் கேப்பாரு."

கொஞ்சம் ஆடுது

முட்டிவலிக்கார எம்.எல்.ஏ. ஒருத்தரு வர்றாருன்னு காலையில போன் வந்துச்சு. அவருக்கு உக்கார்ற மாதிரி வெஸ்டர்ன் கக்கூஸ் தான் வேணுமாம். எங்க தங்கும் மாளிகையில இருந்தது குந்துற கக்கூஸ். பீங்கானுக்குப் பேர் போன ஊர்ல, ஒரு எம்.எல்.ஏ. உக்கார பீங்கான் இல்லன்னு சொன்னா மானம் போயிடும், கூடவே நானும் போயிடுவேன். தாசில்தார்கிட்ட ஓடுனேன். அவரு ஃபைல்ல இருந்து தலையைத் தூக்கலை. "பாத்துக்குங்கம்மா."

வி.ஏ.ஓ. செல்வராசு எனக்குக் கூடப்பொறக்காத தம்பி மாதிரி. எங்கெங்கயோ அலைஞ்சு ஒரு கோப்பையும் கொத்தனாரும் கொண்டு வந்துட்டாரு. கொத்தனாரு வேலையை முடிச்சுட்டு, "சிமெண்டு புடிக்கணும், நாளைக்கு வரைக்கும் யாரும் உக்காரக் கூடாது"ன்னு சொல்லிட்டுப் போறாரு, வாசல்ல காரு வந்து நிக்குது. வந்தவரு ஆளும் நல்ல வாட்டசாட்டம். வணக்கம் கூட சரியா வாங்காம நேரா உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாரு.

நானும் செல்வராசும் கதவுக்கு வெளியில மூச்சு விடாம நிக்கிறோம். உள்ள ஏதாவது சத்தம் கேட்டா அதோட எங்க கதை முடிஞ்சுது. கொளஞ்சியப்பரை வேண்டிக்கிட்டேன். அவரு கோயில்ல புகாரை எழுதிக் கட்டுவாங்க இல்ல, அந்தப் பிராதுச் சீட்டு கட்டுறேன்னு கூடச் சொல்லிட்டேன், யாரு மேல பிராதுன்னு தான் தெரியல. ரொம்ப நேரம் கழிச்சுக் கதவு திறந்துச்சு. கையைத் துடைச்சுக்கிட்டே வந்தவரு என் முகத்தைப் பாத்தாரு. "இந்த ஊர்லயே செய்யறதாம்மா? சொகமா இருக்குது. கொஞ்சம் ஆடுது."

கரும்பு வண்டி

இது சிரிக்கிற விஷயம் இல்ல. பெண்ணாடம் பக்கம் குழு ஆய்வுக்குப் போச்சு. முன்னாடி ஜீப்புல நானு, பின்னாடி வரிசையா காருங்க. அன்னைக்கு எங்க வூட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நாள். ஆய்வு காலையிலயே முடிஞ்சுடும், நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன்னு சொல்லிட்டுத் தான் கிளம்புனேன். சீசன் நேரம். கரும்பு டிராக்டருங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணா ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது. முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் போக முடியல. எம்.எல்.ஏ. ஒருத்தரு காருக்குள்ள புழுக்கம் தாங்காம இறங்கி வந்து என் ஜீப்புக்குப் பக்கத்துலயே நின்னுட்டாரு.

அப்ப போன் அடிக்குது, ஆஸ்பத்திரியில இருந்து. அவரு தான். கட் பண்ணேன். மறுபடியும் அடிக்குது. எம்.எல்.ஏ. என்னைப் பாக்குறாரு. "யாரும்மா?"ன்னாரு. புருஷன்னு சொல்றதுக்கு என்ன பயம்? இருந்துச்சே! வேலை நேரத்துல குடும்பக் கதையான்னு நெனைச்சுட்டா? "ஆபீஸுங்கய்யா"ன்னு சொல்லி போனையே அணைச்சுட்டேன். அந்தப் பொய் நாக்குல கசந்துச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றப்ப மிஷின் ஓடிக்கிட்டு இருக்குது. அவரு தூங்குறாரு. கண்ணோரம் காஞ்சு போன கோடு. அங்க இருந்த நர்ஸு என்கிட்ட மெதுவா சொன்னாங்க: "ஒரு கை இல்லாம முடியாதுன்னு அடம் புடிச்சாரு. கடைசியில என் துப்பட்டா முனையைப் புடிச்சுக்கிட்டாரு."

பில்லு கேட்டவரு

அப்புறம் வந்தாரு இவரு. மொத தடவ எம்.எல்.ஏ. அதுக்கு முன்னாடி ஸ்கூலு வாத்தியாராம். குழு வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடியே தனியா பஸ்ஸுல வந்து இறங்கி, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நடந்தே மாளிகைக்கு வந்துட்டாரு. ரயில்ல வருவாருன்னு நாங்க காரோட ஸ்டேஷன்ல காத்துக்கிட்டு இருக்கோம்! அலறிப் புடிச்சு ஓடி வந்தா, அவரு வாட்ச்மேன்கிட்ட நாற்காலி போட்டு உக்காந்து மழை பத்திப் பேசிக்கிட்டு இருக்காரு.

மறுநாள் காலையில இட்லி சாப்பிட்டாரு. கையைக் கழுவிட்டு, "பில்லு குடுங்கம்மா"ன்னாரு. எனக்குக் காது அடைச்சுப் போச்சு. இத்தனை வருஷ டூட்டியில அந்த வார்த்தையை ஒருத்தர் வாயில நான் கேட்டதே இல்ல. தாசில்தார் அது வரைக்கும் என் பக்கத்துல தான் நின்னாரு, திரும்பிப் பாத்தா ஆளைக் காணும். "இருக்கட்டுங்கய்யா"ன்னேன். "எப்படிம்மா இருக்கட்டும்? எனக்கு அரசாங்கம் படி குடுக்குது. நான் தின்னதுக்கு நான் தான குடுக்கணும்?" இட்லியே எங்க வூட்டுல இருந்து போனது. அதுக்கு எந்த ஓட்டல்ல பில்லு வாங்குறது? அவரு கப்புக்கு அடியில காசை வெச்சுட்டு, என்னை நேராப் பாத்துக் கேட்டாரு: "அப்ப இது வரைக்கும் வந்தவங்க சாப்பாட்டுக்கெல்லாம் யாரும்மா குடுத்தது?"

தலையைக் குனிஞ்சேன். அவருக்குப் புரிஞ்சு போச்சு, முகம் வாடிடுச்சு. வாத்தியாரு இல்லியா, தலையைக் குனிஞ்சவங்களைப் பாத்தே விஷயத்தைக் கண்டுபுடிச்சுடுவாரு. ரொம்ப அன்பா, "உங்களுக்கு எந்த ஊரும்மா?"ன்னு கேட்டாரு. கோவம் வந்தா கேப்பாருன்னு போலீஸ்கார அண்ணன் சொன்ன அதே கேள்வி! அவரு போன பிறகு செல்வராசு கப்பைக் கழுவிக்கிட்டே சொன்னாரு: "அக்கா, திட்டறவங்க திட்டிட்டு மறந்துடுவாங்க. இவரு நல்லவரு, மறக்க மாட்டாரு."

நல்ல மனசு

மறக்கலை. குழுக் கூட்டத்துல அத்தனை அதிகாரிங்க முன்னாடியும் எழுந்து பேசியிருக்காரு. நம்ம படியை நாம வாங்கிக்கிட்டு, சாப்பாட்டுச் செலவைச் சின்னச் சம்பளக்காரங்க தலையில கட்டுறோம்னு. விருத்தாசலத்துல ஒரு அம்மா சொந்தக் காசுல இட்லி குடுக்குறாங்கன்னு. பேரைச் சொல்லலை, பெருந்தன்மை. டூட்டி பாத்த அம்மா நான் ஒருத்தி தான்.

மேல இருந்து விளக்கம் கேட்டாங்க. தாசில்தாரைக் கேட்டாங்க. "நான் செலவு பண்ணச் சொல்லவே இல்லியே, பாத்துக்கத் தான சொன்னேன்"னுட்டாரு. அதுவும் நெசம் தான, சொல்லலியே! என்னைக் கூப்பிட்டாங்க. ஒத்துக்கிட்டேன், என் காசு தான்னு. எதிர்ல இருந்த அதிகாரி பேனாவை மூடி வெச்சுட்டு, "சம்பளத்தை இப்படிச் செலவு பண்ணிட்டா, குடும்பம் எதுலம்மா நடக்குது?"ன்னு கேட்டாரு. லஞ்சம் வாங்குறியான்னு கேக்குறதுக்கு எவ்வளவு மரியாதையான கேள்வி பாருங்க. நகையை வெச்ச அடகுக் கடை ரசீதெல்லாம் நான் எடுத்துக் காட்டவா முடியும்? அழுதேன். அழுதது தான் விளக்கம். நிர்வாக நலன் கருதின்னு டிரான்ஸ்ஃபர் உத்தரவு வந்துச்சு. மாவட்டத்தோட அந்தக் கோடி, கடலோரம்.

அந்த எம்.எல்.ஏ.வுக்கு எப்படியோ தெரிஞ்சு போன் பண்ணாரு. குரலே உடைஞ்சு போயிருந்துச்சு. "உங்களுக்கு நல்லது பண்ணணும்னு தான்மா பேசுனேன்." எனக்குக் கோவம் வரலன்னு சொன்னா பொய். ஊசியை, ஆஸ்பத்திரியை, எங்க வூட்டுக்காரரு கையை, எல்லாத்தையும் கொட்டிட்டேன். அப்புறம், "நாளைக்கே மந்திரிகிட்ட பேசறேம்மா"ன்னாரு. பயத்துல நான் கத்திட்டேன்: "ஐயா, உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன், இனிமே எனக்காக எங்கயும் பேசாதீங்க!"

புது ஊரு

புது ஆபீஸுல சேர்ந்த அன்னைக்கு எங்க வூட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நாள். கூட செல்வராசு போறேன்னு சொல்லியிருந்தாரு. எனக்கு ஒரு வேலையும் ஓடலை. கடிகாரத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். புது தாசில்தார் கூப்பிட்டு அனுப்புனாரு. சிரிச்ச முகம். "வாங்கம்மா, விருத்தாசலத்துல புரோட்டோகால் ரொம்பப் பிரமாதமா பண்ணுவீங்கன்னு சொன்னாங்க. நாளைக்கு ஒரு குழு வருது. பாத்துக்குங்கம்மா."

வெளியில வராந்தாவுக்கு வந்தேன். போன் அடிச்சுது, வூட்டுக்காரரு தான். இந்தத் தடவ மொத மணியிலயே எடுத்துட்டேன். "குத்தியாச்சா? யாரு கையைப் புடிச்சாங்க?"ன்னு கேட்டேன். குரல் நடுங்குச்சு, எனக்கு. அவரு குரல் நடுங்கலை. "யாரும் புடிக்கலை. செல்வராசு ஊசியைப் பாத்ததும் மயங்கி வுழுந்துட்டான், நர்ஸுங்க எல்லாம் அவனைத் தூக்கப் போயிட்டாங்க. நானே கண்ணை மூடிக்கிட்டேன். அழாத கஸ்தூரி. அங்கயாவது காபியில சக்கரையைச் சரியாப் பாத்துப் போடு."

இத்தனை வருஷமா மூஞ்சியைச் சுளிச்ச அத்தனை எம்.எல்.ஏ.வுக்கும் பயந்து பயந்து செத்தேன், அதுல ஒருத்தரும் என்னை ஊரை விட்டு அனுப்பலை. அனுப்பி வெச்சவரு, தின்ன இட்லிக்குக் காசு வெச்சுட்டுப் போன அந்த ஒரே ஒருத்தரு.