தெரியாதுன்னு சொல்ற வேலை

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட, தரையில் பதித்த கல் எந்தப் பக்கத்துக் கல்லாக இருக்கும் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன். "காலுல வெந்நி ஊத்திக்கிட்டே பொறந்தவ" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். இருக்கட்டும். உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது?

அப்பாவுக்கு ரிக் தொழில். ஊர் ஊராகப் போய் போர் போடும் வண்டி ஒன்று, கூடவே போகும் கம்ப்ரசர் லாரி ஒன்று. திருச்செங்கோட்டைச் சுற்றி ஊருக்குப் பாதிப்பேர் இந்தத் தொழிலில்தான் இருக்கிறார்கள். அப்பா வண்டியோடு போய்த் திரும்பினால் சட்டை, மீசை, காது மடல் எல்லாம் வெள்ளையாகப் பாறைத்தூள் படிந்திருக்கும். அதைத் தட்டிப் பார்த்துத்தான் நான் கல்லைப் படிக்க ஆரம்பித்தேன். நிலத்தடி நீர் படிக்கப் போகிறேன் என்றபோது அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "என்ற புள்ள படிச்சுட்டு வந்து நமக்கே பாயிண்ட் பாத்துக் குடுக்கும்" என்று டீக்கடை டீக்கடையாகச் சொன்னார். பாயிண்ட் என்றால் போர் போடவேண்டிய இடம். உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தியோ வேப்பங்கவைக் குச்சியைப் பிடித்தோ நடந்து பார்த்து யாராவது ஒருவர் அதைக் குறித்துக் கொடுப்பார்.

அப்படிக் குறிப்பவர் எவரும் "தெரியலீங்க" என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் தொழில் படுத்துவிடும். தண்ணீர் வந்தால் அவர் ராசி, வராவிட்டால் நிலத்துக்குச் சொந்தமான காட்டுக்காரர் நேரம் சரியில்லை. ரிக் அடுத்த காட்டுக்குக் கிளம்பிவிடும். ஏன் வரவில்லை என்று நின்று யோசிக்க யாருக்கு நேரம்?

நானும் அந்த வளர்ப்புதானே! பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில், நான் வரைந்த ஒரு கோட்டுப்படத்தைக் காட்டி, இந்த இடத்தில் ஏன் இப்படி வளைகிறது என்று என் பேராசிரியை கேட்டார். வாய்க்கு வந்த ஒரு காரணத்தை அடித்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லேம்மா. அதுக்குத்தானே இங்க இருக்கோம்" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போனது. அடுத்த நிமிடமே ஒரு பெரிய பாரத்தை இறக்கிவைத்த மாதிரியும் இருந்தது.

அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். மழை வந்தால் கல் மாதிரிகள் வைத்திருக்கும் அறை ஒழுகும். ஒரு கருவி உதிரி பாகத்துக்காக மாசக்கணக்கில் துணி போர்த்திக் கிடக்கும். சம்பளம் எப்போது வரும் என்று கேட்டால் ஆபீஸில் நம்மைப் பாவமாகப் பார்ப்பார்கள். இத்தனைக்கும் நடுவில், கேன்டீனில் ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு ஒரு கல்லில் இருக்கும் கீறலுக்காக நாலு பேர் சண்டை போடுவார்கள். அவர்களில் யாருக்கும் பதில் தெரியாது. தெரியாது என்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு குஷி! என்னைப்போல உட்காரத் தெரியாத ஜென்மங்கள் இத்தனை பேர் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அயோத்தியாப்பட்டணத்தில் ஒண்டுக்குடித்தன அறை, பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம், எதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

போன வருஷம் நான் இருந்த திட்டம் முடிந்தது. பேராசிரியைக்குப் புதிதாக ஒரு திட்டம் கிடைத்தது, மூன்று வருஷ வேலை. "வர்றியா? திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடு" என்றார். அங்கேயே சரி என்று சொல்லியிருப்பேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஊருக்குப் போனேன்.

அப்பா வேறு கணக்கில் இருந்தார். பைபாஸில் கண்ணாடிக் கதவு வைத்த ஆபீஸ், வாசல் போர்டில் என் படிப்பு, ரிக்குக்கு முன்னால் நான் போய்ப் பாயிண்ட் பார்ப்பது. "உன்ற யுனிவர்சிட்டில வேல இருக்குமா இருக்காதான்னு நித்தம் ஒரு பயம். அதென்ன பொழப்பு அம்முணி?" என்றார். நான் பேச வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "நம்ம மேலக்காட்டுல தென்ன காயுது. அங்க ஒரு பாயிண்ட் வெய்யி. தண்ணி வந்துட்டா நீ ஊட்டோட இருந்து தொழிலப் பாரு. வராட்டி உன்ற இஷ்டம்."

என்ன பந்தயம் பாருங்கள்! வேலையை ஒழுங்காகச் செய்தால் வேலை போய்விடும். ஏனோதானோ என்று ஒரு இடத்தைக் காட்டிவிடலாம்தான். ஆனால் மேலக்காட்டுத் தென்னைகள் மட்டை தொங்கி நிற்பதைப் பார்த்தபிறகு அதற்கு மனசு வருமா? அவை அம்மா குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்கள்.

மறுநாள் பல்கலைக்கழகக் கருவியை இரவல் வாங்கிவந்து மேலக்காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நாலு இரும்புக் கம்பிகளை வரிசையாக மண்ணில் அடித்து, கரண்ட் விட்டு, கீழே கல் எப்படி இருக்கிறது என்று அளப்போம். கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க ஆழம் தெரியவரும். கம்பி அடிக்கவும், ஒயர் பிடிக்கவும், காய்ந்த மண்ணில் கம்பியடியில் உப்புத்தண்ணீர் ஊற்றவும் ஒரு ஆள் வேண்டும். அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். "ஊர்ல ரிக் ஓட்டறவன் ஒயரப் புடிச்சுட்டுத் திரிஞ்சா சிரிப்பாங்க." அம்மாதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். சாயங்காலம் ஒரு இடத்தில் கல்லை வைத்துக் குறித்தேன். முந்நூறு அடிக்குள் தண்ணீர் இருக்கும், நானூறுக்குக் கீழே வெறும் கருங்கல், அதற்குமேல் ஓட்டுவது தண்டம் என்று சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் வெட்டி, ரிக்கை நிறுத்தினார்கள். வேடிக்கை பார்க்க ஊரே வந்துவிட்டது. எனக்கு ஒரு இடத்தில் கால் நிற்கவில்லை. வரப்புக்கும் வண்டிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். முந்நூறு தாண்டியது, வெள்ளைப் புழுதிதான் வந்தது. நானூறு தாண்டியது, அப்போதும் புழுதிதான். தென்னையைப் பார்த்தேன், வயிறு எரிந்தது. திங்கட்கிழமையை நினைத்தேன், வயிறு குளிர்ந்தது. ஒரே வயிற்றில் இரண்டும் நடந்தால் மனுஷி எப்படி நிற்பாள்?

"நிறுத்தீருங்கப்பா, இதுக்குக் கீழ ஒண்ணும் இல்லீங்" என்றேன்.

"ஊரே பாத்துட்டு நிக்குது, இப்ப நிறுத்தறதா?" என்றார். அவருக்கும் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. ரோஷம், அவ்வளவுதான். ராடுக்குமேல் ராடு மாட்டச் சொன்னார்.

எழுநூறைத் தாண்டியதும் புழுதி நின்றது. கீழே ஏதோ உறுமியது. அடுத்த மூச்சில் தண்ணீர் ரிக்கின் தலைக்குமேல் பீறிட்டு அடித்தது. அம்மா நனைந்துகொண்டே அழுதாள். அப்பா என்னைத் தேடி வந்து, சேறான கையோடு என் தலையைப் பிடித்து, "என்ற புள்ள வெச்ச பாயிண்ட்டுடா!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். பிறந்ததிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கும் கண்ணீர் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

அழுதுகொண்டே, இது எப்படி வந்தது என்றுதான் யோசித்தேன். நான் இருக்கும் என்ற இடத்தில் இல்லை, இல்லவே இல்லை என்ற இடத்தில் இருக்கிறது. பக்கத்தில் நின்ற ஒவ்வொருவரிடமும், "நான் சொன்னது தப்புங்க, முந்நூறுன்னு சொன்னேன்" என்றேன். "அட, தண்ணி வந்துருச்சுல்ல சாமி, அப்பறமென்ன?" என்று முதுகில் தட்டினார்கள். எரிச்சலாக வந்தது. ஓரமாகப் போய்ப் பேராசிரியைக்குப் போன் போட்டு, "மேடம், நான் சொன்னது தப்பாப் போச்சு" என்றேன். "அப்படியா! எத்தனை அடியில வந்துச்சு? தண்ணி பிடிச்சு வச்சியா?" என்று அவர் கத்தியதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் மோகனூரிலிருந்து ஒரு விவசாயி, தட்டில் தேங்காய் பழத்தோடு நின்றார். பெரிய மனுஷர், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. "சாமி, நம்ம காட்டுக்கும் ஒரெட்டு வந்து பாத்துக் குடு. எங்க இருக்குதுன்னு நீ சொன்னாச் செரி" என்றார்.

"எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. எங்க காட்டுல வந்ததே ஏன்னு தெரியலீங்க" என்றேன்.

அவர் அடக்கம் என்று நினைத்துச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அவரை அனுப்பிவிட்டு வந்து கதவைச் சாத்தினார். "தெரியாதுன்னு சொல்றதுக்கா இத்தன வருசம் படிச்சே?"

"ஆமாங்கப்பா. எங்க போனாலும் தெரியும் தெரியும்னே பொய் சொல்லோணும். யுனிவர்சிட்டில மட்டுந்தான் சொல்ல வேண்டியதில்ல. நான் போறேங்."

"தண்ணி வந்தா இருக்கறேன்னு ஒத்துக்கிட்டயல்ல?"

"நீங்க சொன்னீங்க. நான் எங்க ஒத்துக்கிட்டேன்?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். அம்மா மட்டும் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து, "உங்கொப்பன் மாதிரியே புடிவாதம்" என்று சொல்லி, தண்ணீர் பிடித்த பாட்டில்களைப் பையில் துணி சுற்றி வைத்துக் கொடுத்தாள். திங்கட்கிழமை நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப்பிறகு அப்பா என்னோடு பேசவில்லை. போன் போட்டால் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். பல்கலைக்கழகத்தில் வேலை ஓடிக்கொண்டிருந்தது, நானும் ஓடிக்கொண்டிருந்தேன். ஆனால் கேன்டீனில் எல்லோரும் சிரிக்கும்போது, அந்தச் சேற்றுக்கை தலையில் பட்டது நினைவுக்கு வரும்.

ஒருநாள் மத்தியானம் அப்பாவே கூப்பிட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. மேலக்காட்டு போரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்து, அன்றைக்கு மோட்டார் வெறும் காற்றை இழுத்ததாம். டீக்கடையில் வாயே திறக்க முடியவில்லை என்றார். தென்னை போச்சே என்று நினைத்தேன், அம்மாவை நினைத்தேன். அதே நொடியில் எழுநூறு அடிக்குக் கீழே, அந்தக் கீறல் எங்கே போய் அடைபட்டிருக்கும் என்று மனசு பரபரவென்று ஓட ஆரம்பித்தது. சை, என்ன ஜென்மமடி நீ என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டியும் அது நிற்கவில்லை.

வேறு இடத்தில் பாயிண்ட் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். வாழ்நாளெல்லாம் அதைத்தானே செய்தார்.

ஆனால் அப்பா, "ஏன் சாமி தண்ணி போச்சு?" என்றார்.

"தெரியலீங்கப்பா."

"செரி. எப்ப வார?"

"வெள்ளிக்கிழமை வாரேங். கருவியெல்லாம் எடுத்துட்டு வாரேன்."

"வா. இந்தத் தடவ ஒயர நான் புடிக்கறேன்" என்றார்.