செல்வராஜ் வண்டியின் பின்சக்கரம்

செங்கல்பட்டு பைபாஸ் ஓரம் இருக்கும் அந்த பஸ் ஷெட்டில் ஒன்பது வருஷமாக ஒரே பெண் பார்வதம்தான். கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தாள். சக்கரம் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டாள். மறைமலைநகர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டிகளின் ஒவ்வொரு நட்டையும் சின்னச் சுத்தியலால் தட்டுவாள். இறுகிய நட்டு ‘ணங்’ என்னும். லூசான நட்டில் சத்தம் செத்திருக்கும். அவள் தட்டாமல் டிரைவர்கள் வண்டியை எடுக்கமாட்டார்கள்.

ஜூன் மாதம் கீர்த்தனா வந்தாள். இருபத்து நாலு வயது, டிப்ளமோ. எவ்வளவு இறுக்கவேண்டுமோ அந்த அளவு வந்ததும் ‘டிக்’ என்று சொல்லும் டார்க் ரென்ச்சை அவள் பிடித்த முதல் நாளே மேனேஜர் ஆனந்தன் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். ‘நம் ஷெட்டின் பெண் மெக்கானிக்’ என்று கீழே எழுதியிருந்தார். பார்வதம் அந்தப் போட்டோவை நாலு தடவை பெரிதாக்கிப் பார்த்தாள். தான் எங்காவது ஓரத்தில் விழுந்திருக்கிறோமா என்று. இல்லை.

“இன்னா செல்வராஜு, வண்டி தட்டணுமா?” என்று அவள் கேட்டால், “கீர்த்தனா பாத்துடுச்சுக்கா” என்று அந்த டிரைவரிடமிருந்து பதில் வந்தது. கீர்த்தனா எலுமிச்சை சாதத்தை நீட்டினால், இன்றைக்கு விரதம் என்றாள் பார்வதம். மறுநாள் நீட்டினாலும் விரதம்தான். அந்தப் பெண்ணின் கையில் கிரீஸ்கூட அளவாகத்தான் ஒட்டுகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, கீர்த்தனா முறுக்கிய சக்கரங்களைப் பார்வதம் தனியாகத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒன்றாவது லூசாக இருக்காதா என்று. ஆறு வாரம் தட்டியும் எல்லாமே ‘ணங்’ என்றுதான் சொல்லின.

ஒரு வியாழக்கிழமை மதியம், மாமல்லபுரம் டிரிப் முடித்து செல்வராஜின் வண்டி வந்து நின்றது. இடதுபக்கப் பின்சக்கரத்தை முந்தாநாள்தான் கீர்த்தனா மாட்டியிருந்தாள். பார்வதம் தட்டினாள். மூன்று நட்டில் சத்தம் இல்லை. நட்டு திரும்பினால் தெரிவதற்காக, நட்டுக்கும் ரிம்முக்கும் சேர்த்துப் போட்டிருந்த மஞ்சள் கோடும் விலகியிருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சில்லென்று ஒரு சந்தோஷம்.

“சார்! இங்க வா சார்! மூணு நட்டு லூசா கீது. யாரு மாட்டுன சக்கரம்னு கேளு சார்!”

ஷெட்டே கூடிவிட்டது. ஆனந்தன் கத்தினார். “நாப்பது பேர் உயிரும்மா இது. இதான் உங்க டிப்ளமோவா?”

கீர்த்தனாவின் காது சிவந்தது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினாள். ரிம்மின் உள்பக்கத்தை நகத்தால் கீறினாள். சில்வர் பெயிண்ட் பட்டை பட்டையாக உரிந்து வந்தது.

“பிரேக் டிரம்ல ஒட்டுற எடத்துலயும் பெயிண்ட் இருக்கு சார். ரெண்டு தடவ அடிச்சிருக்கு. வண்டி ஓட ஓட இது நசுங்கிடும். எவ்ளோ முறுக்குனாலும் நட்டு லூசாயிடும்.”

“யாரு அடிச்சது?”

போன ஞாயிற்றுக்கிழமை வேலை மெனக்கெட்டு வந்து, துருப்பிடித்துக் கிடந்த ஆறு ரிம்முக்கு அடித்தவள் பார்வதம்தான். மேனேஜர் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லட்டும் என்றுதான் அடித்தாள்.

“மாட்றதுக்கு முன்னாடி நான்தான் பாத்திருக்கணும், தப்பு என்னுதுதான் சார்” என்றாள் கீர்த்தனா.

திட்டு வாங்குவதைக்கூட இப்படி அழகாக வாங்குகிறாளே என்று பார்வதத்துக்கு வயிறு எரிந்தது. விலகிப் போய்த் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். ஆனால் மீதி அஞ்சு ரிம் எந்தெந்த வண்டியில் ஏறியிருக்கிறது? நாலு மணி ஷிப்டுக்கு எல்லாம் கிளம்பிவிடும். அவள் சொன்னால்தான் உண்டு. கால் மணி நேரம் பெருக்கிய இடத்தையே பெருக்கினாள்.

பிறகு ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். “பெயிண்ட் நாந்தான் சார் அடிச்சேன். இன்னும் அஞ்சு கீது. வண்டிய உட்டுடாத.”

ஆனந்தன் திட்டிய திட்டு ரோடு வரை கேட்டது. மூன்று வண்டி தாமதமாகக் கிளம்பியது. கீர்த்தனா கழற்ற, பார்வதம் இரும்பு பிரஷ்ஷால் சுரண்டினாள்.

கிளம்பும்போது செல்வராஜ், “நல்ல வேள பாப்பா, நீ கண்டுபுடிச்ச” என்றான்.

“கண்டுபுடிச்சது அக்காதான், அண்ணா. தட்டிப் பாத்தது அவங்கதான்” என்றாள் கீர்த்தனா.

செல்வராஜ் பார்வதத்தைப் பார்த்துத் தலையாட்டினான். ஒன்பது வருஷத்து வேலைக்கு இவள் வந்து சர்டிபிகேட் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மேலும் அழுத்திச் சுரண்டினாள்.

இப்போதும் இருவரும் அங்கேதான் இருக்கிறார்கள். ரிம்முக்குப் பெயிண்ட் அடிக்குமுன் உள்பக்கம் பேப்பர் ஒட்டுவது பார்வதத்தின் வேலை. கீர்த்தனா முறுக்கியதும் இவள் தட்டவேண்டும் என்று ஆனந்தன் உத்தரவு போட்டுவிட்டார். தட்டுகிறாள். ‘ணங்’ என்று கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவள் முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்கிறது.