இடுப்பில் வால் முளைத்த மிருகம்

சைக்கிளிலிருந்து விழுந்த என் மகனுக்குக் காலில் மாவுக்கட்டு. நான்தான் மணிக்கொரு தரம் அவன் கால்விரலைத் தொட்டுப் பார்க்கிறேன். அவனோ கட்டின் மேல் பேனாவால் கிறுக்கிக்கொண்டிருக்கிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம், மைசூரில் என் காலில் குடியிருந்த மிருகம் நினைவுக்கு வருகிறது.

சுதந்திரம் வந்த புதிது. எனக்கு ஏழு வயது. கொய்யா மரத்திலிருந்து விழுந்ததில் தொடையிலிருந்து பாதம் வரை கட்டு. அம்மாவின் தம்பி சிறுவர் பத்திரிகைகளுக்குப் படம் வரைபவர். மிருகக்காட்சிசாலைக்குப் போய் இருப்பதை வரைந்துகொண்டு, வீட்டுக்கு வந்து இல்லாததையெல்லாம் அதோடு சேர்ப்பார். கட்டு காய்ந்ததும் தூரிகையோடு வந்துவிட்டார். முன்பக்கம் யானைத் தலை, பின்பக்கம் ஒட்டகத் தலை, சுற்றிலும் மீன் செதில், எட்டுக் கால்.

"மாமா, வாலு இடுப்புல இருக்கு! அதுவும் ரெண்டு!"

"அதுக்கு அங்கதான் குளிருதாம். ஆடாம இரு."

அம்மா தினமும் காலையில் ஜெபம் முடிந்ததும், "வெரல ஆட்டுடீ, பாப்போம்" என்பாள். நான் மிருகத்துக்கு முதலில் ஒரு வாய் ஊட்டிவிட்டுத்தான் ஆட்டுவேன்.

கட்டைப் பிரிக்கும் நாளில், டாக்டரின் பெரிய கத்தரியைக் கண்டதும் காலை இரு கைகளாலும் கட்டிக்கொண்டேன். வெட்டினால் மிருகம் செத்துப்போகும். அப்பா அதட்டினார். அம்மா கெஞ்சினாள். நான் கையை எடுக்கவில்லை.

"ஏன் மகூ, காலு பேடவா?" என்றார் டாக்டர் கன்னடத்தில், கால் வேண்டாமா குழந்தை என்று.

"வேணாம். இது போதும்."

மாமா அருகில் வந்தார். "வெட்டட்டும். ஒண்ணு ரெண்டாகும். கொறைஞ்சா என் மீசைய வெட்டிக்கோ."

மாமாவின் மீசை பெரியது. அதை நம்பிக் கையை எடுத்தேன்.

கத்தரி இரு பக்கமும் செதில்களுக்கு நடுவே கோடு பிடித்தாற்போல ஓடியது. முன்பாதி தனியே வந்தது: நான்கு காலும் ஒரு வாலுமாக முழு யானை. பின்பாதியில் முழு ஒட்டகம். ஒரு செதில்கூட அறுபடவில்லை. கத்தரி போகும் வழியை மாமா முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"அம்மா, ரெண்டு! ரெண்டு!" என்று கத்தினேன்.

யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. டாக்டர் என் காலை மெல்ல மடக்கி, நீட்டினார். அது நேராக நின்றது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா சுவர் பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்தார். மாமா விசும்பி அழுதார்.

கால் நேராகாமலே போகலாம் என்று அவர்களிடம் முன்பே சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. மீசை பிழைத்த சந்தோஷத்தில் மாமா அழுகிறார் என்றுதான் நினைத்தேன்.