திறக்காத பை

எங்கள் சுரங்க ஊரில் சனிக்கிழமைதான் குளியல். வீட்டுக் குழாய்கள் பாதி நாள் உறைந்து கிடக்கும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரும் பொதுக் குளியல் கூடத்துக்கு வருவார்கள். அதைப் பார்த்துக்கொள்பவள் பசீலியா சோக்கே. அதன் வாசலில் சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும் விற்பவள் நான்.

பசீலியா கொதிகலனை மூட்டுவாள். வடிகாலில் சிக்கிய முடியைக் கையால் எடுப்பாள். மீசை அரும்பிய பையன்கள் கூட்டமாக வருவார்கள், ஒரு வாரத்துக் காலுறையோடு.

"அக்கா, தண்ணி ஐஸா இருக்கு."

"உன் கக்கத்து நாத்தத்துக்கு வெந்நி பத்தாதுடா. சுரங்கத்துல ஆசிட் வச்சிருப்பாங்க, போய்க் கேளு."

சிரிப்பார்கள். ஆனால் செல்போனை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போக மாட்டார்கள். என்னிடம் தருவார்கள். ஊர் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'கை நீளம்'. அவர்கள் பிறப்பதற்கு முன்பே வைத்த பெயர்.

அந்தக் கதையை அவளே ஒரு நாள் வடிகாலைக் குத்திக்கொண்டே சொன்னாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

பதின்மூன்று வயது. வகுப்பில் அவள்தான் முதல். ஆகஸ்ட் மாதச் சுதந்திர தின ஊர்வலத்தில் முதல் மாணவிதான் பொலிவியக் கொடியைப் பிடிப்பாள். வெள்ளைக் கையுறைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். அந்த வருடம்தான் வயதுக்கு வந்திருந்தாள். அம்மா தோரிபியா சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. ரத்தம் பட்டதைக் கண்ட இடத்தில் போடக் கூடாது. அது மற்ற குப்பையோடு சேர்ந்தால் வயிற்றில் கட்டி வரும். தோரிபியாவின் அக்கா குப்பைமேட்டில் எறிந்தாள், கட்டி வந்து செத்தாள். அவள் கத்தியது பக்கத்துத் தெரு வரை கேட்டதாம். ஆகவே பள்ளியில் மாற்றியதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, புத்தகப் பையில் வைத்து, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து எரிக்க வேண்டும். எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டதில்லை.

அன்று செனோபியோ வாத்தியாரின் கைக்கடிகாரம் காணவில்லை. கதவைச் சாத்தினார். ஒவ்வொரு பையாக மேசைமேல் கவிழ்க்கச் சொன்னார். பென்சில், வேகவைத்த உருளைக்கிழங்கு, கோலிக்குண்டு. பையன்கள் ஒவ்வொன்றுக்கும் சிரித்தார்கள். பசீலியா மூன்றாவது வரிசை; அன்று மாற்றியது அவள் பையில் இருந்தது. இரண்டாவது வரிசை முடிந்தபோது எழுந்து நின்றாள்.

"சார், நான்தான் எடுத்தேன்."

"எங்கடி?"

"ஆத்துல போட்டுட்டேன்."

எங்கள் ஆற்றில் சுரங்கக் கழிவு ஓடும், துருப்பிடித்த நிறத்தில். அதில் விழுந்ததை யாரும் தேட மாட்டார்கள். வாத்தியார் அறைந்தார். அதற்குமேல் பைகளைத் திறக்க அவசியம் இல்லாமல் போயிற்று.

அப்பா பெல்ட்டை உருவினார். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. தோரிபியாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னாள். தோரிபியா அவள் முதுகுக் காயத்தில் ஆட்டுக்கொழுப்பைத் தடவிக்கொண்டே சொன்னாளாம்: "நல்ல வேலை செஞ்ச. பையைத் திறக்கலையே, அது போதும்."

கொடியை வேறொருத்தி பிடித்தாள். கையுறை அளவாக இருந்ததால் அதையும் அவளுக்கே கொடுத்துவிட்டார்கள்.

கடிகாரம் குளிர்காலம் முடிவதற்குள் கிடைத்துவிட்டது. வாத்தியாரின் கோட்டுப் பை கிழிந்து, உள்துணிக்குள் இறங்கிக் கிடந்திருக்கிறது. அவர் மனைவி சந்தையில் சிரித்துக்கொண்டே சொன்னாள். வாத்தியார் பள்ளியில் சொல்லவில்லை. எடுக்காததை எடுத்தேன் என்று ஒருத்தி ஏன் சொன்னாள் என்று அவரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அவர் சனிக்கிழமை தவறாமல் வருகிறார். உள்ளே போகும் முன் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டுவார். பசீலியா அவருக்கும் சூடாகத்தான் தண்ணீர் விடுகிறாள்.

போன மாதம் சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த நர்ஸ் லிசெத் தாய்மாரையும் பெண்பிள்ளைகளையும் குளியல் கூடத்தின் முற்றத்தில் கூட்டினாள். பசீலியாவின் மகள் யோசெலின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு.

நர்ஸ் நன்றாகத்தான் பேசினாள். அந்த நாட்களில் குளிக்கலாம், குளிக்க வேண்டும் என்றாள். தலைக்கு ஊற்றினால் ரத்தம் உறையாது. நாப்கினை ஒரு நாள் முழுக்க வைத்திருக்காமல் நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பிறகு மூடி போட்ட குப்பைக்கூடை ஒன்றை நடுவில் வைத்தாள். பள்ளிக் கழிவறைக்கும் இதேபோல் ஒன்று வரும், சுற்றி இதில் போட்டால் போதும் என்றாள். பெண்கள் முக்காட்டுக்குள் முணுமுணுத்தார்கள். அது தெரிந்ததுதான் என்பதுபோல் நர்ஸ் சிரித்தாள். குப்பையோடு சேர்ந்தால் கட்டி வரும் என்பது வெறும் பொய் என்றாள்.

பசீலியா பின்னால் சுவரோடு நின்றிருந்தாள், கையில் வடிகால் கம்பி.

"பொய்யா?"

"ஆமாக்கா. சுத்தப் பொய்."

"எங்க பெரியம்மா செத்தாங்களே."

"அது வேற நோயா இருக்கும். குப்பையால வராது. யாருக்கும் வந்ததில்ல."

"யாருக்குமா?"

"யாருக்கும் இல்லக்கா."

பசீலியா கொஞ்ச நேரம் அந்தக் கூடையையே பார்த்தாள்.

"அப்ப நான் எதுக்குத் திருடியானேன்?"

நர்ஸுக்குப் புரியவில்லை. யாரோ ஒருத்தி பின்னாலிருந்து, "கை நீளத்துக்குக் கூடை மேல கண்ணு, நர்சம்மா, பத்திரம்" என்றாள். முற்றம் முழுக்கச் சிரித்தது. யோசெலின் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் திருடவில்லை என்று நான் சொல்லியிருந்தாலும் அந்தச் சிரிப்பில் யார் காதிலும் விழுந்திருக்காது.

கூடை குளியல் கூடத்திலேயே இருக்கிறது. பசீலியா அதில் கொதிகலனுக்கான விறகுச் சிராய்களைப் போட்டு வைத்திருக்கிறாள்.

போன வாரம் யோசெலின் வயதுக்கு வந்தாள். அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது நான் அங்கே சோப்புப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பசீலியா ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள்.

"நர்சம்மா கூடையில போடச் சொன்னாங்களேம்மா."

"அவங்க சொல்லுவாங்க. நீ வீட்டுக்குக் கொண்டா."

"பள்ளிக்கூடத்துல பையைச் சோதிச்சா? இப்பல்லாம் செல்போன் காணோம்னு அடிக்கடி சோதிக்கிறாங்க."

பசீலியா கொதிகலன் கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். தீ பிடித்திருந்தது.

"சோதிச்சா, நான்தான் எடுத்தேன்னு சொல்லிடு."

யோசெலின் பிளாஸ்டிக் பையை மடித்துக் கணக்குப் புத்தகத்துக்கு அடியில் வைத்தாள்.