ஒற்றைக் கைக்கு ஒரு பாட்டுப் பெட்டி

டிரைவர் கடைக்குள் நுழைந்ததும் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்தார். கண்ணை மூடிக்கொண்டார். வலது கையை நீட்டி, "ம், ஒவ்வொண்ணா குடுங்க" என்றார்.

பாட்டுக் கேட்கும் கருவிகளை எடுத்து வைத்த கடைக்காரர், டிரைவரோடு வந்த அவர் மனைவியைச் சந்தேகமாகப் பார்த்தார். "அம்மா, சாருக்கு ஏதாவது..."

"புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பிடிவாதம்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் அந்த அம்மாள்.

பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. முப்பத்தொரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதில் வேலையும் போயிற்று. இப்போது வாரத்தில் மூன்று நாள், காலை ஏழு மணிக்கு, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினோடு ஆஸ்பத்திரியில் அவரைக் கட்டிப் போடுகிறார்கள். இடது கையில் இரண்டு ஊசி. நாலு மணி நேரம் அந்தக் கை அசையக் கூடாது, அசைந்தால் மெஷின் ஊரைக் கூட்டும். சும்மா படுத்திருப்பது என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறவர்கள் ஒரு தடவை போய்ப் படுத்துப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம். மூன்றாவது மணியில் கெண்டைக்கால் இழுக்க ஆரம்பிக்கும். சுவர்க் கடிகாரத்தின் முள் நகரவே நகராது. ஒன்பதரைக்கெல்லாம், "சிஸ்டர், போதும், கழட்டுங்க!" என்று கத்தி, என் பொறுப்பில் போகிறேன் என்று தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்.

ஐந்து மாதமாக இதே கதைதான். கால் வீக்கம் வற்றவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது. போன வாரம் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "நாலு மணி நேரமும் முழுசாப் படுத்தா இன்னும் பல வருஷம் நல்லா இருக்கலாம். இப்படி அரைகுறையா எழுந்து ஓடினா, அடுத்த வருஷத்துக்கு என்னால உத்தரவாதம் குடுக்க முடியாது."

அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? கூட்டத்துக்குள்ளும் மழைக்குள்ளும் பேருந்தை ஓட்டியவருக்கு மிச்சமிருக்கிற ஒன்றரை மணி நேரம் எந்த மூலைக்கு? பாட்டு மட்டும் இருந்தால் தாண்டிவிடலாம் என்று முடிவு கட்டினார். போனில் கேட்டுப் பார்த்தாயிற்று. பாட்டு சூடு பிடிக்கிற நேரத்தில் சொந்தக்காரர் யாராவது கூப்பிட்டு, "எப்படி இருக்கீங்க?" என்பார். ஒரு நாள் போன் மார்பிலிருந்து நழுவ, பிடிக்கப் போய் ஊசிக் கை அசைந்து, மெஷின் அலறி, நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

கடைக்காரர் முதலில் கொடுத்தது வழவழவென்று இருந்தது. டிரைவரின் பெருவிரல் அதன் மேல் சறுக்கு விளையாடியது.

"இதுல எதைத் தம்பி அமுக்குறது?"

"டச் ஸ்கிரீன் சார். பார்த்துத் தொடணும்."

"குனிஞ்சு பார்த்து கியர் போடுறவன் வண்டியே ஓட்டக் கூடாது. அடுத்தது குடுங்க."

அடுத்ததில் எல்லாப் பொத்தானும் ஒரே அளவு. அடுத்த பாட்டுக்கு அமுக்கினால் சத்தம் எகிறியது. அதுவும் தள்ளுபடி. மூன்றாவது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவில் மேடாக ஒரு பொத்தான், ஓரத்தில் சத்தத்துக்குத் தனியாக இரண்டு, பின்பக்கம் சட்டையில் மாட்ட ஒரு கிளிப். பெருவிரல் தானாகப் போய் உட்கார்ந்தது. சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டு தலையை உலுக்கினார். விழவில்லை.

"இது ரொம்பக் குட்டியா இருக்கேங்க" என்றார் மனைவி.

"நான் என்ன இதுக்குள்ள குடியிருக்கப் போறேன்?" என்றவர், கடைக்காரர் பக்கம் திரும்பினார். "சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும்?"

"பத்து மணி நேரம் சார்."

"எனக்கு நாலு போதும்."

வயர் இல்லாத இயர்போனைக் கடைக்காரர் நீட்டினார். "கீழ விழுந்தா நீங்க வந்து எடுத்துத் தருவீங்களா?" என்று கேட்டு வயர் வைத்ததையே வாங்கினார். பாட்டுகளை ஏற்றும்போதும் ஒரே கண்டிப்பு. "சோகப் பாட்டு ஒண்ணுகூடக் கூடாது. அங்க ஏற்கெனவே பத்துப் பேர் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் படுத்திருக்கோம்."

மறுநாள் காலை ஊசி ஏறியதும் பெருவிரல் வேலையைத் தொடங்கியது. பிடிக்காத பாட்டைத் தள்ளினார், பிடித்ததைத் திரும்பப் போட்டார். கடிகாரம் இருந்த பக்கமே திரும்பவில்லை. கெண்டைக்கால் இழுத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு சத்தத்தை ஏற்றினார். எந்தப் பாட்டில் வாய் திறந்தது என்று அவருக்கே தெரியாது.

கண்ணைத் திறந்தபோது கால்மாட்டில் மனைவி மூச்சிரைக்க நின்றார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஒரு காதிலிருந்து வயரை உருவினார்.

"ஏன் இப்படி ஓடி வந்தே?"

"மணி பத்தேகால். நீங்க வெளிய வரல. உள்ள யாரோ கத்துற சத்தம் வேற. எனக்கு உசுரே போயிடுச்சு!"

"கத்தலம்மா, பாடினார்" என்றார் நர்ஸ். "அரை மணி நேரமா நாங்கதான் பொறுத்துக்கிட்டிருக்கோம்."

"இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு வரி பாடினதுண்டா இந்த மனுஷன்?" என்று சிரிக்கும்போதே அந்த அம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வாசல்ல வேற வாடகை வண்டி நிக்குது."

"வண்டியா? இப்பவே யார் வரச் சொன்னது?"

"நான்தான். எப்பவும் ஒன்பதரைக்கே சொல்லி வச்சிடுவேன். நீங்க எழுந்து வந்தா நிக்க வச்சிடக் கூடாதேன்னு."

டிரைவருக்குச் சுருக்கென்றது. ஐந்து மாதமாக, வெளியே வந்ததும் வண்டி கிடைப்பதைத் தன் அதிர்ஷ்டம் என்றல்லவா நினைத்திருந்தார்! ஒரு நாள்கூட அவள் பதினொரு மணிக்கு வண்டி சொன்னதில்லை. கோபம் மூக்குவரைக்கும் வந்தது. யார் மேல் கோபப்படுவது? ஒரு நாளாவது பதினொரு மணிவரை இருந்து காட்டியிருக்கிறாரா? வெட்கமாக இருந்தது.

"வண்டிய அனுப்பிடு. பதினொரு மணிக்கு வரச் சொல்லு."

"நிஜமாவா?"

"பேசிட்டே நிக்காத, சொல்லு." வயரைக் காதில் மாட்டி அடுத்த பாட்டுக்கு அமுக்கினார்.

அந்த அம்மாள் போனை எடுத்தார். "அண்ணே, நீங்க இப்ப போயிட்டு பதினொரு மணிக்கு வாங்க. ஆமாண்ணே, இனிமே எப்பவும் பதினொண்ணுதான்."