சுண்ணாம்புக் கல்லில் வெட்டிய கிணறு

இன்று ஸ்டுட்கார்ட் மாலைக் கல்லூரியில், கல்லும் மண்ணும் பற்றிய வகுப்பில், ஆசிரியர் ஒரு கல்லின்மேல் அமிலம் விட்டார். நுரைத்தது. என்ன கல் என்று கேட்டார்.

நான் எழுந்து நின்று, "சுண்ணாம்புக் கல். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கிணறும் இதில்தான் வெட்டியது" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இங்கே நாற்காலியில் இருந்தபடியே பதில் சொல்வார்களாம். கன்னியாஸ்திரிகளிடம் படித்த எனக்கு அது வராது.

ஆசிரியருக்கு மகிழ்ச்சி. "அந்தக் கல்லுக்குள் குகைகள் இருக்கும். கிணற்றில் விழுவது அங்கேயே கிடக்காது. தண்ணீர் அதை மெல்ல மெல்லக் கடலுக்குக் கொண்டுபோய்விடும்."

"பாரமானதையுமா?"

"காலம் போனால் எல்லாவற்றையும். இருங்கள், இது பள்ளிக்கூடம் இல்லை" என்று சிரித்தார்.

நாற்காலியில் இருந்தேன். பிறகு அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

என் கணவரைச் சுட்டு அந்தக் கிணற்றில்தான் போட்டார்கள். எடுக்க விடவில்லை. "சண்டை முடியட்டும் அம்மா. கிணத்தை இறைச்சு அப்பாவை எடுத்து, சேமக்காலையில அடக்கம் செய்வம்" என்று மகன் சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

வாசலில் காத்திருந்தவன், "இண்டைக்கு என்னம்மா படிச்சனீங்கள்?" என்றான்.

"கல்லைப் பற்றி" என்றேன்.

வீடு வரும்வரை, டிராமுக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஊர்க் கிணறுகளை அறிந்தவர்கள் எழுதுங்கள். ஆறுதல் வேண்டாம், அது தேவைக்கு மேல் கிடைத்துவிட்டது. ஆசிரியர் சொன்னது பிழை என்றால் மட்டும், தகுந்த காரணத்தோடு எழுதுங்கள்.